வேகத்தைக் கூட்டலாமா, கூடுதல் சேவையை வைத்துக்கொள்ளலாமா?

மாணவர்களே, வீட்டில் காணொலி ஓடாமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் எழும் குரல் யாருடையது? பெரும்பாலும் உங்களுடையதுதான். “அப்பா, லைன் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஸ்பீட் கூட்டிடலாம்” என்கிறீர்கள். அப்பா மாதக் கட்டண பில்லை எடுத்துப் பார்க்கிறார். அதில் இணையக் கட்டணத்துக்குக் கீழே தொலைக்காட்சித் தொகுப்பு, வைஃபை விரிவாக்கியின் வாடகை, கூடுதல் சேமிப்பிடம் என்று இன்னும் சில வரிகள் இருக்கின்றன. “வேகம் வேண்டுமானால் இதில் ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டும்” என்கிறார். எதை நிறுத்துவது?

ஒரு கணக்குப் போடுவோம். வேகத்தை உயர்த்த மாதம் 40 ரிங்கிட் கூடுதலாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மாத ஒப்பந்தத்தில் அது 960 ரிங்கிட். பள்ளி திறக்கும் சமயத்தில் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. இந்த முடிவை “மெதுவாக இருப்பதுபோல் தெரிகிறது” என்ற எண்ணத்தை மட்டும் வைத்து எடுக்கக்கூடாது. அளந்து பார்த்து எடுக்கலாம். அதற்கு நீங்கள் படிக்கும் அறிவியலே போதும்.

பிட் வேறு, பைட் வேறு

இணையத் திட்டத்தில் 100 எம்பிபிஎஸ் என்று எழுதியிருந்தால், ஒரு விநாடிக்கு 100 மெகாபிட் என்று பொருள். ஆனால் கோப்புகளின் அளவை நாம் மெகாபைட், கிகாபைட் என்று சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிடைப்பது 12.5 மெகாபைட்தான். “100 கட்டுகிறோம், 12தான் வருகிறது, ஏமாற்றுகிறார்கள்” என்று சிலர் கோபப்படுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

50 கிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டைப் பதிவிறக்குவதாக வைத்துக்கொள்வோம். அது 400,000 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 4,000 விநாடி, அதாவது ஏறத்தாழ 67 நிமிடம் ஆகும். 300 எம்பிபிஎஸ் வேகத்தில் 22 நிமிடம் போதும். மிச்சமாவது 45 நிமிடம். இது உண்மையான பயன்தான். ஆனால் மாதத்தில் எத்தனை முறை இவ்வளவு பெரிய கோப்பைப் பதிவிறக்குகிறீர்கள்? ஒரே ஒரு முறை என்றால், தூங்கப் போகும் முன் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் 40 ரிங்கிட் மிச்சம்.

வீட்டுக்கு எவ்வளவு தேவை?

காணொலி பார்ப்பது பதிவிறக்கம் போன்றது அன்று. அதற்கு ஒரு குறிப்பிட்ட வேகம் இருந்தால் போதும். அதற்குமேல் எவ்வளவு கொடுத்தாலும் படம் இன்னும் தெளிவாகாது. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்ஃபிலிக்ஸ் தரும் பரிந்துரை.

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் இரவு 9 மணிக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அப்பா வரவேற்பறையில் 4கே படம் பார்க்கிறார்: 15. பாட்டி இணையவழித் தொடர் பார்க்கிறார்: 5. அக்காவுக்கு இணைய வகுப்பு: 4. தம்பி யூடியூப் பார்க்கிறான்: 5. நீங்கள் இணைய விளையாட்டு ஆடுகிறீர்கள். அதற்கு 1 எம்பிபிஎஸ் போதும். மொத்தம் 30 எம்பிபிஎஸ். வீட்டில் உள்ள திட்டம் 100 என்றால் இன்னும் 70 சும்மா கிடக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் காணொலி நின்று நின்று ஓடினால், குறை திட்டத்தின் வேகத்தில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

மலேசியாவில் யூனிஃபை 2010 மார்ச்சில் அறிமுகமானபோது அதன் தொடக்கத் திட்டத்தின் வேகம் 5 எம்பிபிஎஸ்தான். அப்போது அது பெரிய வேகம். இன்று பல வீடுகளில் 100, 300, 500 என்று இருக்கிறது. வேகம் வளர்ந்த அளவுக்கு நம் தேவை வளர்ந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சாலையை அகலமாக்கினால் தூரம் குறையுமா?

“என் விளையாட்டில் பிங் அதிகமாக இருக்கிறது, அதனால் வேகத்தைக் கூட்ட வேண்டும்” என்று சில மாணவர்கள் சொல்வதுண்டு. இங்கே இரண்டு செய்திகள் குழம்பிப் போகின்றன. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். சாலையில் மூன்று தடங்களை ஆறாக்கினால் ஒரே நேரத்தில் அதிக வண்டிகள் போகலாம். ஆனால் நெரிசல் இல்லாத நேரத்தில் உங்கள் வண்டி ஈப்போ சேர அதே இரண்டு மணி நேரம் ஆகும். எம்பிபிஎஸ் என்பது தடங்களின் எண்ணிக்கை. பிங் என்பது ஒரு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரம்.

ஒளியிழைக் கம்பியில் செய்தி ஒளியாகப் போகிறது. கண்ணாடி இழைக்குள் அந்த ஒளி முழு அக எதிரொளிப்பால் வெளியேறாமல் ஓடுகிறது. கண்ணாடி இழை வழியே ஒளியைத் தொலைதூரம் அனுப்ப முடியும் என்று 1966ஆம் ஆண்டில் எழுதிக் காட்டியவர் சார்ல்ஸ் காவ். அதற்காக 2009ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். வெற்றிடத்தில் விநாடிக்கு 300,000 கிலோமீட்டர் போகும் ஒளி, கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47 என்பதால், இழைக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர்தான் போகிறது.

விளையாட்டின் சேவையகம் சிங்கப்பூரில் இருந்தால், கோலாலம்பூரிலிருந்து போகவர ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒளிக்கு 3 மில்லிவிநாடி போதும். சேவையகம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தால், நேர்க்கோட்டில் போனாலும் போகவர 28,000 கிலோமீட்டர். குறைந்தது 140 மில்லிவிநாடி ஆகும். வழியிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரம் இதற்குமேல். நீங்கள் 1 கிகாபிட் திட்டம் வாங்கினாலும் ஒளி இதைவிட விரைந்து ஓடாது. விளையாட்டின் அமைப்பில் அருகிலுள்ள சேவையகத்தைத் தேர்ந்தெடுப்பது இலவசம்.

குறை சுவரில் இருக்கலாம்

வீட்டு வாசல்வரை ஒளியிழையில் வந்த வேகம், அறைக்குள் வருவதற்குள் வைஃபை அலையாக மாறுகிறது. பல வீடுகளில் இழப்பு இங்கேதான். ரவுட்டர் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் அதிகம், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது அது விரைவில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிச் சற்று அதிகத் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. அடுக்குமாடி வீடுகளில் அதற்கு இன்னொரு தொல்லை: அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே. மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீடு என்று எல்லா ரவுட்டர்களும் அவற்றையே பகிர்கின்றன. புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும்கூட அதே பகுதியில்தான் இயங்குகின்றன.

திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை கால்வாசியாகும். இடையில் சுவர் இருந்தால் இன்னும் குறையும். இரும்பு அலமாரியும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பும். மீன் தொட்டியின் நீர் அதை உறிஞ்சும். ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு வேகத்துக்குப் பணம் கட்டுவது, குழாயை மூடிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்குவது போன்றது.

மூன்று அளவீடுகள்

இந்த வாரம் ஒரு பரிசோதனை செய்யுங்கள். முதலில், மடிக்கணினியை லேன் கம்பியால் ரவுட்டரில் இணைத்து வேகத்தை அளங்கள். இரண்டாவது, கம்பியைக் கழற்றிவிட்டு ரவுட்டர் உள்ள அறையிலேயே வைஃபை வழியாக அளங்கள். மூன்றாவது, உங்கள் அறையில் அளங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு நாள் காலையிலும் இரவு 9 மணிக்கும் இதைச் செய்யுங்கள். தற்சார்பு மாறி அளக்கும் இடம். சார்பு மாறி வேகம். கருவியும் வேகச் சோதனைத் தளமும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள், அவற்றை மாற்றக்கூடாது. அளக்கும்போது வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

100 எம்பிபிஎஸ் திட்டத்தில் கம்பியில் 94, உங்கள் அறையில் 12 என்று வந்தால், குறை வைஃபையில். திட்டத்தை 300க்கு உயர்த்தினாலும் உங்கள் அறையில் அந்த 12தான் இருக்கும். ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான திறந்த இடத்தில் வையுங்கள். தேவைப்பட்டால் ஒரு விரிவாக்கி வாங்கலாம். காலையில் கம்பியில் 94, இரவில் கம்பியிலேயே 20 என்று வந்தால், நெரிசல் நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம். பணம் கூட்டிக் கட்டுவதற்குமுன் அளவீடுகளைக் காட்டி அவர்களிடம் புகார் செய்ய வேண்டும். 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருந்தும் கம்பியில் 94 மட்டுமே வந்தால், பழைய கம்பியோ 100 எம்பிபிஎஸ் துளை உள்ள பழைய கருவியோ தடையாக இருக்கிறது. கம்பியிலும் அறையிலும் வேகம் நன்றாக இருந்து, வீட்டின் தேவை அதைத் தாண்டுகிறது என்றால் மட்டுமே வேகத்தைக் கூட்டுவது பலன் தரும். வீட்டில் யாராவது பெரிய காணொலிகளைப் பதிவேற்றும் வேலை செய்தால் பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். சில திட்டங்களில் அது பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு.

கூடுதல் சேவைகளை எடைபோடுதல்

இப்போது பில்லின் மற்ற வரிகளுக்கு வருவோம். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள்: யார் பயன்படுத்துகிறார்? வாரத்தில் எத்தனை மணி நேரம்? இதே வேலையைச் செய்ய இலவச வழி உண்டா?

மாதம் 30 ரிங்கிட் தொலைக்காட்சித் தொகுப்பில் பாட்டி நாளுக்கு 2 மணி நேரம் நாடகம் பார்க்கிறார் என்றால், மாதத்தில் 60 மணி நேரம். ஒரு மணிக்கு 50 சென். பகல் முழுவதும் தனியாக வீட்டில் இருப்பவருக்கு அது மலிவான துணை. உங்கள் விளையாட்டு வேகத்துக்காக முதலில் அதை வெட்டச் சொல்வது நியாயமாகாது. அதே தொகுப்பை மாதம் 3 மணி நேரம் மட்டும் பார்த்தால் ஒரு மணிக்கு 10 ரிங்கிட். அப்போது மைஃப்ரீவியூ வழியாக இலவசமாகக் கிடைக்கும் அலைவரிசைகள் போதுமா என்று குடும்பத்தோடு பேசலாம். டிவி2இல் தமிழ்ச் செய்தி வருகிறது.

மாதம் 15 ரிங்கிட் வாடகையில் விரிவாக்கி எடுத்திருந்தால் 24 மாதத்தில் 360 ரிங்கிட். கடையில் அதே தரமான கருவியின் விலை என்னவென்று ஒப்பிடுங்கள். வாடகையில் பழுது பார்ப்பதும் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வைரஸ் தடுப்புக்குத் தனியாகக் கட்டுகிறீர்களா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்த மென்பொருள் உள்ளேயே இருக்கிறது. கூடுதல் சேமிப்பிடத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எதை நிறுத்துவதாக இருந்தாலும், திட்டத்தை மாற்றுவதாக இருந்தாலும், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இடையில் நிறுத்தினால் அபராதம் உண்டா, மாற்றினால் புதிதாக 24 மாதம் தொடங்குமா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அளவீடுகளை ஒரு தாளில் அட்டவணையாக எழுதி, பில்லோடு சேர்த்து அப்பா அம்மாவின் முன்னால் வையுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், அவர் பார்க்கும் நாடகம் அவருடைய தேவை. வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தால் அந்தத் தாளே உங்களுக்காகப் பேசும். கூட்டத் தேவையில்லை என்று தெரிந்தால், ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வைத்த அன்றே உங்கள் வீட்டுக்கு 960 ரிங்கிட் மிச்சம்.