கணிப்பொறியும் கணக்குக் காட்டவேண்டும்

அடி அண்ணாமலையில் ஒரு விவசாயி மானியத்திற்கு மனுச் செய்தால், அவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கணிப்பொறியில் ஏறுகின்றன. பின்னர் அவற்றை யார் பார்த்தார் என்பது எப்படித் தெரியும்? ரொக்கப் புத்தகத்தில் நாம் அழித்தெழுதுவதில்லை. அடித்துத் திருத்திச் சுருக்கொப்பமிடுகிறோம். மென்பொருளும் அவ்விதமே அமைக்கப்படவேண்டும். விவரத்தைத் திறந்தவர் யார், எந்நேரம், எதற்காக என்பது தானே பதிவாகவேண்டும். திறந்தவரே அப்பதிவை அழிக்க வழியிருத்தலாகாது. ஒரே கடவுச்சொல்லைப் பலர் பயன்படுத்தும் அலுவலகத்தில் இப்பதிவு இருந்தும் பயனில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2025 நவம்பரில் வெளியான விதிகள், இத்தகைய பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. ஊராட்சி அங்கத்தினர்கள் அடையாளத்திற்காக மட்டும் ஆதார் நகல் கேட்க நேர்ந்தால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டதையே பெற்றுக்கொள்ளலாம்.