வளாகம் பல்கலைக்கழகமாகும்போது: ஒரு வர்த்தமானி தருவதும் தராததும்

நம்மிடையே உயர்கல்வி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கோரிக்கை தவறாமல் வரும்: "எங்கட கம்பஸ யுனிவர்சிட்டியாக்கித் தரணும்." தேர்தல் காலத்தில் அது இன்னும் உரத்துக் கேட்கும். கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதை அறிந்துதான் கேட்கிறோமா என்ற கேள்வி எனக்கு நீண்ட காலமாக உண்டு. ஒரு வளாகம் எந்தச் சட்டத்தினால் பல்கலைக்கழகமாகிறது, அப்போது உண்மையில் எது கை மாறுகிறது, எது கை மாறுவதில்லை என்பவற்றை இங்கு சுருக்கமாக விளக்க முயல்கிறேன்.

வளாகங்களை விடுவித்த சட்டம்

இந்நாட்டின் முதற் பல்கலைக்கழகமே இன்னொன்றின் நிழலில்தான் வளர்ந்தது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. அதன் மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான் அதை இலங்கைப் பல்கலைக்கழகமாக்கியது.

பின்னர் 1972இல் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. அவ்வாண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், அதுவரை தனித்தனியாக இயங்கிய பல்கலைக்கழகங்களை ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக ஆக்கியது. பேராதனை, கொழும்பு, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்தை என வளாகங்கள் அமைந்தன. 1974இல் யாழ்ப்பாண வளாகமும் சேர்ந்தது. அதன் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி இருந்தார்.

இந்த ஒற்றை நிருவாகம் ஏழு ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அந்த ஆறு வளாகங்களையும் ஆறு பல்கலைக்கழகங்களாக மாற்றியது. வித்தியோதய ஸ்ரீ ஜயவர்தனபுரவாகவும், வித்தியாலங்கார களனியாகவும், கட்டுபெத்தை மொறட்டுவையாகவும் பெயர் பெற்றன. இன்றுவரை நம்மை ஆளும் பல்கலைக்கழகச் சட்டம் இதுதான். பின்னாளில் பலமுறை திருத்தப்பட்டாலும், அதன் பிறப்பே வளாகங்களை விடுவிப்பதில்தான் நிகழ்ந்தது.

ஒரு கட்டளை போதும்

வளாகமொன்றைத் தரமுயர்த்துவதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தனிச் சட்டம் தேவையில்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுடன் கலந்தாலோசித்து, வர்த்தமானியில் வெளியிடும் கட்டளையொன்றின் மூலம் பல்கலைக்கழகமொன்றை நிறுவ அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. பெயர் என்ன, எங்கே அமையும் என்பன போன்ற விடயங்களை அந்தக் கட்டளை சொல்லும். கல்லூரியாகவோ வளாகமாகவோ தொடங்கிய இடங்கள் பின்னர் பல்கலைக்கழகமானது இச்சட்டத்தின் கீழ்தான்.

கட்டளை வெளியானதும் முக்கியமாக நான்கு விடயங்கள் மாறும்.

முதலாவது, அந்நிறுவனம் சட்டத்தின் பார்வையில் தனி ஆளாகிறது. சொந்த இலச்சினை, சொத்து வைத்திருக்கும் உரிமை, வழக்குத் தொடரவும் தொடரப்படவும் கூடிய தகுதி எல்லாம் அதற்கு வரும்.

இரண்டாவது, சொந்த மூதவை. வளாகமாக இருக்கும்வரை ஒரு புதிய பாடநெறிக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் மூதவைதான் அங்கீகாரம் தர வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கூடும் கூட்டமொன்றின் நிகழ்ச்சி நிரலில் நம்மட விடயம் எப்போது வருமென்று காத்திருக்க வேண்டும். வவுனியாவும் திருகோணமலையும் நீண்ட காலம் அறிந்த காத்திருப்பு இது.

மூன்றாவது, சொந்தப் பேரவையும் உபவேந்தரும். வளாகத்துக்கு இருப்பவர் முதல்வர். பல்கலைக்கழகத்துக்கோ பேரவை பரிந்துரைக்கும் மூவரிலிருந்து, ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில், ஜனாதிபதி உபவேந்தரை நியமிக்கிறார்.

நான்காவது, பணம். தாய்ப் பல்கலைக்கழகத்தின் பங்கிலிருந்து கிள்ளித் தரப்படும் நிலை மாறி, அரச ஒதுக்கீட்டில் தனக்கென ஒரு பங்கு கிடைக்கும். பட்டச் சான்றிதழிலும் தன் பெயரே இருக்கும்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. மாற்றத்துக்கு முன்னர் பதிவு செய்தவர்கள் யாருடைய பட்டத்தைப் பெறுவார்கள், ஊழியரின் சேவைக்காலம் எப்படிக் கணிக்கப்படும் என்பவை நிலைமாறுகால ஏற்பாடுகளில் தெளிவாக எழுதப்பட வேண்டும். கொண்டாட்டத்தின்போது இவற்றை யாரும் வாசிப்பதில்லை. பிரச்சினை வந்த பிறகுதான் தேடுவோம்.

ஒரே சட்டம், வேறு வேறு வேகம்

சட்டம் ஒன்றாக இருந்தும் வேகம் ஒன்றாக இருக்கவில்லை. றுகுணு பல்கலைக்கழகக் கல்லூரி 1978இல் தொடங்கி 1984இல் பல்கலைக்கழகமானது. வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. ரஜரட்டவின் வளாகமாக இருந்த வயம்ப 1999இல் தனியாகியது.

வவுனியாவின் பாதை நீண்டது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஒகஸ்ட் 1ஆம் திகதிதான் வவுனியாப் பல்கலைக்கழகமானது. வளாக நிலையில் மட்டும் 24 ஆண்டுகள். திருகோணமலை 1993இல் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. அதற்கான கட்டளை இன்னும் வரவில்லை.

போர், இடப்பற்றாக்குறை, ஆசிரியர் கிடைக்காமை எல்லாம் இந்தத் தாமதத்துக்குள் அடங்கும். ஆனால் இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. எத்தனை மாணவர், எத்தனை பீடம், எத்தனை மூத்த கல்விமான்கள் இருந்தால் ஒரு வளாகம் தரமுயர வேண்டும் என்ற அளவுகோலை 21ஆம் பிரிவு வகுக்கவில்லை. கலந்தாலோசனையும் அமைச்சரின் கருத்தும்தான் அளவுகோல். ஆகவே வேகத்தை அரசியல் தீர்மானிக்க இடமிருக்கிறது. கொழும்பில் குரல் உள்ளவர் கேட்டால் ஒரு வேகம், இல்லாதவர் கேட்டால் இன்னொரு வேகம்.

ஒலுவில் சொல்லும் பாடம்

இதற்கு நம் கண்முன் உள்ள உதாரணம் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். போர்ச் சூழலில் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களின் நிலைதான் அதன் தோற்றத்துக்கு உடனடிக் காரணம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தது. 1996 மே மாதத்தில், ஓர் ஆண்டு நிறைவதற்குள், முழுப் பல்கலைக்கழகமானது. அரசியல் பலம் இருந்தபோது கட்டளை எவ்வளவு விரைவாக வந்தது பாருங்கள்.

ஆனால் கட்டளை விரைந்த அளவுக்கு மற்றவை விரையவில்லை. கலை கலாசாரம், முகாமைத்துவம் வர்த்தகம் என்று தொடங்கிய இடத்தில் இஸ்லாமியக் கற்கைகள் அரபு மொழிப் பீடம் 2005இலும், பொறியியற் பீடம் 2012இலும்தான் வந்தன. பெயர் கிடைத்து ஒரு தலைமுறை மாணவர் வெளியேறிய பிறகுதான் அது பல துறைப் பல்கலைக்கழகமாயிற்று.

காரணம் எளிது. வர்த்தமானி பேராசிரியரை உருவாக்காது. ஆளணிக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அங்கீகாரம் தர வேண்டும். அது கிடைத்தாலும், கலாநிதிப் பட்டமும் ஆய்வு அனுபவமும் உள்ள ஒருவர் வந்து தங்குவதற்கு ஆய்வுகூடம், நூலகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் வேண்டும். மூதவை என்பது பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் கூடும் சபை. பேராசிரியர்கள் இல்லாத இடத்தில் அதில் இளைய விரிவுரையாளர்களே பெரும்பான்மையாகி, ஒருவருக்கொருவர் முகம் பார்த்துத் தீர்மானிக்கும் நிலை வரலாம். தாயின் மூதவை தாமதப்படுத்தியது உண்மை. அதேவேளை அது தரத்தையும் காத்தது என்பதை மறக்கக் கூடாது.

நாம் எதைக் கேட்பது?

தொடர்பாடல் வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று கோணேசபுரியில் வளர்ந்துள்ள திருகோணமலை வளாகம் தனியாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் உள்ள குடும்பங்களுக்கு அருகிலொரு பல்கலைக்கழகம் என்பது சாதாரண விடயமல்ல. "தூரத்துக்கு அனுப்ப ஏலாது" என்று பொம்புளப் புள்ளைகளின் படிப்பை நிறுத்திய வீடுகளை நாமெல்லோரும் அறிவோம்.

ஆயினும் இங்கே ஒரு மயக்கம் உண்டு. அருகில் பல்கலைக்கழகம் வந்தால் நம்மட புள்ளைகளுக்கு அதிக இடம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதியைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகமல்ல, ஆணைக்குழு. பொதுவான முறைப்படி 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. எந்த இனம், எந்த மதம் என்று பார்த்து யாரையும் தடுக்கச் சட்டம் இடம் தராது. தடுக்கவும் கூடாது. ஒலுவிலில் சிங்கள மாணவர் படிப்பது அதன் குறையல்ல. அது தேசியப் பல்கலைக்கழகம் என்பதற்கான அடையாளம்.

ஆகவே மேடையில் நின்று பெயரை மட்டும் கேட்காமல், கட்டளையோடு சேர்த்து ஆளணி அங்கீகாரம், விடுதி, நூலக ஒதுக்கீடு, இளம் விரிவுரையாளர்கள் கலாநிதிப் பட்டத்துக்குச் செல்லும் திட்டம் ஆகியவற்றையும் எழுத்தில் கேட்போம். தரமுயர்த்தலுக்கான அளவுகோலையும் சட்டத்தில் சேர்க்கச் சொல்வோம். அளவுகோல் இருந்தால், அதை எட்டிய வளாகம் எந்த அமைச்சரின் தயவையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. எட்டாத வளாகத்துக்கும் இன்னும் என்ன குறை என்று தெரியும்.

பட்டம் வழங்கும் அதிகாரம் ஓர் அமானிதம். அதைக் கேட்டு வாங்கும் சமூகம், வாங்கிய பிறகு பேரவை என்ன செய்கிறது, மூதவை என்ன அங்கீகரிக்கிறது, ஒதுக்கிய பணம் எங்கே போகிறது என்று ஆண்டாண்டு கேட்கவும் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு நாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது குறைவு.