எண்ணெய்ப் படலம் தாங்கும் சுழல்தண்டு

இலங்கையின் பொல்கொல்லவில் மகாவலி ஆற்றை மறித்துத் திருப்பிய தண்ணீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியே மாத்தளை மாவட்டத்தின் உக்குவளை மின் நிலையத்துக்கு வருகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய இந்த நிலையத்தைத் தாண்டி அதே தண்ணீர் சுது கங்கை, அம்பன் கங்கை வழியே போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கும் மின் உற்பத்தி, பாசனம் இரண்டும் நடக்கின்றன. எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பதில் வயல்களின் தேவைக்குப் பெரும் பங்குண்டு.

இங்கேதான் டர்பைனுக்குச் சோதனை: திறக்கும் தண்ணீர் குறைந்தால் அது முழுச் சுமையில் ஓடாது. ஃபிரான்சிஸ் வகை டர்பைன் அரைகுறைச் சுமையில் ஓடினால், சக்கரத்தை விட்டு வெளியேறும் நீர் முறுக்கிய கயிறுபோலச் சுழன்று இயந்திரத்தையே ஆட்டும். அந்த ஆட்டம் டர்பைனின் சுழல்தண்டில் ஏறும்.

தண்டைப் பிடித்திருப்பது பேரிங். ஆனால் ஓடும்போது உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை. நடுவில் எண்ணெய்ப் படலம். 1883இல் இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் பேரிங்கின் மேலே துளையிட்டார். எண்ணெய் பொங்கி வந்தது. மரத்தக்கை வைத்து அடைத்தார், அதையும் எண்ணெய் வெளியே தள்ளியது. சுழற்சியே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து அழுத்தம் உண்டாக்குகிறது என்று 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்கால் விளக்கினார்.

தண்டு பக்கவாட்டில் ஆடும்போது படலம் நசுங்கி, ஆட்டத்தின் சக்தியை வெப்பமாகக் கரைக்கிறது. பெரிய நீர்மின் இயந்திரங்களில் தண்டுக்கும் அதைச் சுற்றி நிற்கும் பேரிங் பட்டைகளுக்கும் உள்ள இடைவெளி, மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பராமரிப்பின்போது ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அளந்து, திருகாணியாலோ மெல்லிய தகடு சேர்த்தோ சரிசெய்வார்கள். இடைவெளி கூடினால் தண்டு அலையும். குறைந்தால் பேரிங் சூடேறும்.

ஜெட் இயந்திரங்களில் சிக்கல் வேறு. அவற்றின் தண்டு, ஆட்டம் உச்சத்துக்குப் போகும் ஒரு வேகத்தைத் தாண்டித்தான் முழு வேகத்தை எட்டுகிறது. தாண்டும் கணத்தில் பலமான அதிர்வுத் தணிப்பு வேண்டும். தாண்டியபின் அதே பலமான தணிப்பு, அதிர்வை வெளிக்கூட்டுக்குக் கடத்திவிடும். ஆகவே ஓடும்போதே மாற்றத்தக்க தணிப்பான்களை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்: எண்ணெயின் அழுத்தத்தை மாற்றுவது ஒரு வழி. இரும்புத்தூள் கலந்த திரவத்தைக் காந்தப்புலத்தால் கெட்டியாக்குவது இன்னொன்று. 1940களின் இறுதியில் ஜேக்கப் ரேபினோ உருவாக்கிய திரவம் அது.

அதிர்வு அளவை அலட்சியம் செய்வதன் விலையை ரஷ்யா 2009 ஆகஸ்ட் 17இல் கொடுத்தது. சயானோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் 2ஆம் டர்பைனின் பேரிங் அதிர்வு, அனுமதித்த 160 மைக்ரோனைத் தாண்டி 840ஐத் தொட்டது. நாட்பட்ட அதிர்வில் களைத்திருந்த டர்பைன் மூடியின் போல்ட்டுகள் அறுந்தன. தண்ணீர் இயந்திர மண்டபத்துக்குள் பாய்ந்து 75 பேர் இறந்தார்கள்.