இரவில் கொன்றான், இருளில் மறைந்தான்! "கல் மனிதன்" பிடிபடாதது ஏன்?

1989-ம் ஆண்டு ஜூன் மாதம். கல்கத்தா நடைபாதையில் படுத்து உறங்கிய ஒருவர், தலை நசுங்கிப் பிணமாகக் கிடந்தார். பக்கத்தில் ஒரு பெரிய கல். ஆறே மாதத்தில் இதே விதமாகக் கொல்லப்பட்டவர்கள் 13 பேர்!

கொலையாளிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் "ஸ்டோன்மேன்", அதாவது கல் மனிதன். உண்மைப் பெயர் இன்று வரை தெரியவில்லை. கொன்றது ஒருவனா, பலரா என்பதும் முடிவாகவில்லை.

இதற்கு முன்பே, 1985 முதல் பம்பாயிலும் இப்படி நடந்தது. சயான், கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில் சுமார் 12 பேர் பலியானார்கள். தமிழர்கள் நிறைந்த மாதுங்காவும் தாராவியும் அருகில்தான் இருக்கின்றன. ஓர் ஓட்டல் சர்வர் மட்டும் உயிர் தப்பினார். ஆனால் இருட்டில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

லண்டனில் நடந்தது

1888-ல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியை நடுங்க வைத்தவன் "ஜாக் தி ரிப்பர்". ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரை ஐந்து ஏழைப் பெண்களைக் கொன்றான். அவனும் பிடிபடவில்லை.

அங்கே கசாப்புக் கூடங்கள் இருந்தன. எனவே ரத்தக்கறையோடு நடப்பவனைப் பார்த்து யாரும் திடுக்கிடவில்லை. கூலி விடுதிகளில் தினம் புது முகங்கள். போலீசாருக்குக் குவிந்த பொய்க் கடிதங்கள் வேறு! ஒரே இரவில் இரண்டு கொலைகள் நடந்தபோது, ஒன்று பெருநகரப் போலீசின் எல்லையிலும், மற்றொன்று சிட்டி போலீசின் எல்லையிலும் விழுந்தன. சுவரில் கண்ட எழுத்தைப் படம் எடுக்கும் முன்பே, கலவரம் வரும் என்று பயந்து போலீஸ் கமிஷனர் அழிக்கச் சொன்னார்.

கைரேகை முறையும் அப்போது அங்கே இல்லை. உலகின் முதல் கைரேகை அலுவலகம் 1897-ல் பிறந்தது கல்கத்தாவில்தான்! அதே கல்கத்தாவில் 92 ஆண்டு கழித்து ஒருவன் தப்பினான்.

எப்படித் தப்பினான்?

கரடுமுரடான கல்லில் கைரேகை தெளிவாகப் பதிவது அரிது. அந்தக் கல்லும் தெருவில் கிடந்தது. கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரரையாவது விசாரிக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கொலை நடந்தால் போலீசார் முதலில் கேட்பது, "இறந்தவர் யார்? யாரோடு பகை? கடைசியாகப் பார்த்தது யார்?" என்பதுதான். இங்கே இறந்தவர்களில் பலருக்குப் பெயரே தெரியவில்லை. பிணத்தைக் கேட்டு வர ஆளில்லை. கொன்றவனுக்கும் செத்தவருக்கும் முன்பின் பழக்கம் இல்லை. நூலின் நுனியே கிடைக்காதபோது சிக்கலை எங்கிருந்து அவிழ்ப்பது?

பிடிபட்டவன் கதை

பம்பாய் குடிசைவாசிகளைக் கொன்று குவித்த ராமன் ராகவன், தமிழ்நாட்டிலிருந்து போனவன். பல பெயர்களில் திரிந்தான். ஆனால் முன்பு ஒருமுறை சந்தேகத்தில் பிடித்தபோது எடுத்த போட்டோவும் கைரேகையும் போலீசிடம் இருந்தன. 1968 ஆகஸ்டு 27-ல் சப்-இன்ஸ்பெக்டர் அலெக்ஸ் பியாலோ அவனைத் தெருவில் அடையாளம் கண்டு மடக்கினார். பழைய பதிவேடு காட்டிக்கொடுத்தது! கல் மனிதன் விஷயத்தில் அப்படி ஒரு பதிவேடு உதவவில்லை.

வெளியூரில் பிழைப்போர் கவனிக்க

சித்தூர், திருப்பதிக்கு வேலை தேடி வரும் தமிழர்களில், முதல் சில இரவுகளை ரயில் நிலைய வாசலிலும் கடைத் திண்ணையிலும் கழிப்பவர்கள் உண்டு. தனியே, இருட்டு மூலையில் படுப்பதைத் தவிர்ப்பது நல்லது. திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசமும், பஸ் நிலையம் அருகே சீனிவாசமும் தேவஸ்தானத்தின் தங்கும் இடங்கள்.

எங்கே தங்குகிறோம் என்று ஊருக்குத் தெரிவிப்பதும், சட்டைப்பையில் பெயர், விலாசம் எழுதிய சீட்டு வைப்பதும் செலவில்லாத காரியங்கள்.

சித்தூர் மாவட்டம் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டையும் தொட்டு நிற்கிறது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று போலீஸ் நிலையத்தில் சொன்னால் திரும்பிவிட வேண்டியதில்லை. 2024 ஜூலை 1-ல் அமலான புதிய சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஒருவர் காணாமல் போனால் தேட நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் இல்லாதவர்களைப் பார்த்துத்தான் கல்லை எடுத்தான் அந்தப் பாதகன்!