சுன்னாகம் சந்தையும் பேரெண் விதியும்

சுன்னாகம் சந்தையை நம்பிப் பிழைக்கும் ஆயிரம் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்தில் அவற்றில் பத்துக்குப் பெரிய வருத்தம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் செலவு ஐந்து இலட்சம் ரூபா. எந்தப் பத்து என்பதை எந்தச் சாத்திரியாலும் சொல்ல முடியாது. தனித்து நிற்கிற ஒவ்வொரு வீடும் ஐந்து இலட்சத்தோடு ஆயத்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போகும். ஆயிரம் வீடும் கூட்டாகச் சேர்ந்தாலோ, வீட்டுக்கு நாளொன்றுக்குப் பதினான்கு ரூபா போதும். நோயில் ஒன்று குறையவில்லை, செலவில் ஒரு சதம் குறையவில்லை. ஆனாலும் யாரும் கடனாளி ஆகவில்லை.

ஆனால் வருடா வருடம் சரியாகப் பத்தா வரும்? ஒரு வருடம் பதின்மூன்று, மற்ற வருடம் ஏழு. ஆயிரம் பேரில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சிறிய நிதி இதிலேயே முறிந்துவிடும். அதே கணக்கைப் பத்து இலட்சம் குடும்பங்களுக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்பார்ப்பு பத்தாயிரம், ஏற்ற இறக்கம் வெறும் நூறு அளவில். நூற்றுக்கு ஒன்று! கூட்டம் பெருகப் பெருகத் தற்செயல் அடங்கிவிடுகிறது. சுவிஸ் கணிதர் யாக்கோப் பெர்னூலி இதை நிறுவினார். அவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 1713இல், அது நூலாக வெளிவந்தது. பேரெண் விதி என்று பெயர். உலகத்துக் காப்புறுதி எல்லாம் இதன் தோளில்தான் நிற்கிறது.

ஆனால் மனிதர் சீட்டுக்கட்டு அல்ல. கட்டுப்பணம், அதாவது பிரீமியம், கூடினால் முதலில் விலகுவது திடகாத்திரமான இளந்தாரி. நோயாளிகள் விலகமாட்டார்கள். மிஞ்சியவர்களின் சராசரிச் செலவு உயரும், கட்டுப்பணம் இன்னும் ஏறும், இன்னும் சிலர் கழருவார்கள். பொருளியலில் இதைப் பாதகத் தேர்வு என்கிறார்கள்: காப்புறுதி தேவைப்படுகிறவரே அதிகம் சேர்வதால் அந்த நிதி தன்னைத்தானே தின்னும் நிலை. கட்டுப்பணம் எவ்வளவு கனக்கலாம் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே வேலையிடம் வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்புறுதிக்கு 2024இல் சராசரிக் கட்டுப்பணம் 25,572 டொலர். நாளுக்கு 70 டொலர். எங்கள் காசில் இருபதாயிரம் ரூபாவுக்கு மேல். பெரும்பங்கை முதலாளி கட்டுகிறார் என்றாலும், அதுவும் சம்பளத்தில் சேர்ந்திருக்க வேண்டிய காசுதான் என்பதே பெரும்பாலான பொருளியலாளர் கருத்து.

இலங்கை இந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் தாண்டியது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் எடுபட்டது. அட்டை இல்லை, படிவம் இல்லை, ஆனால் இதுவும் ஒரு காப்புறுதிதான். கட்டுப்பணம் வரிக்குள் ஒளிந்திருக்கிறது. பெறுமதி சேர் வரி 2024 தைமாதம் முதல் 18 வீதம். சவர்க்காரம் வாங்கும் கூலித்தொழிலாளியும் தன் பங்கைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். யாரும் கழர முடியாது, ஆகவே பாதகத் தேர்வுக்கு இடமே இல்லை.

எல்லோருக்கும் இலவசம் என்றால் வசதியானவர்களே வார்ட்டை நிரப்பிவிடமாட்டார்களா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் இருக்கிறது. சம்பளத்தைக் கேட்டு ஆளைப் பிரிக்கும் அலுவலர் யாரும் இல்லை. அந்த வேலையை வரிசை செய்கிறது. விடியற்காலையில் துண்டு எடுத்துக் காத்திருக்க மனமில்லாதவர் பின்னேரம் காசு கட்டி அதே வைத்தியரைச் சனல் பண்ணுகிறார். அவர் விட்டுப்போன இடம் இல்லாதவருக்குக் கிடைக்கிறது. அதனால்தான் நாட்டின் மருத்துவச் செலவில் கிட்டத்தட்டப் பாதி மக்களின் பையிலிருந்து போனாலும், பெரிய சத்திரசிகிச்சைகளால் நடுத்தெருவுக்கு வரும் குடும்பங்கள் குறைவு. ஆசியாவின் 11 நாடுகளில் மருத்துவச் செலவு 7 கோடி 80 இலட்சம் பேரைக் கடும் வறுமைக்குள் தள்ளுவதாக 2006இல் ‘லான்செற்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில் இலங்கையின் நிலை இந்தியாவையும் வங்கதேசத்தையும் விட மிக நன்றாக இருந்தது.

பிறகு கடன் எங்கிருந்து வருகிறது? ஓட்டைகளிலிருந்து. புற்றுநோயை எடுங்கள். வைத்தியம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இலவசம், ஆனால் மகரகம இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வான் கூலி, தங்குமிடம், கூடப் போகிறவரின் இழந்த சம்பளம்: ஆஸ்பத்திரி ஒரு சதமும் வாங்காமலே ஒரு வீடு முறிந்துவிடும். 2011இல் தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர் நடந்தவர்கள் திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சுன்னாகத்திலிருந்து மல்லாகம் தாண்டினால் தெல்லிப்பழை. நானூறு கிலோமீற்றர் ஒரு பஸ் பயணமாகச் சுருங்கியது. இந்தக் கதையில் மருந்தைவிடத் தூரமே பெரிய செலவு என்பதைக் கொழும்பில் இருப்பவர்கள் இலகுவில் நம்பமாட்டார்கள்.

மற்ற ஓட்டை சிறியது, ஆனால் ஓயாதது. சலரோகமும் பிரஷரும் ஆயுள் முழுக்க மாதாமாதம் மருந்து கேட்பவை. கிளினிக்கில் மருந்து இல்லாத மாதம் கையில் துண்டு வரும். பாமசியில் காசு போகும். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றைத் தாண்டியபோது, இறக்குமதி மருந்தை நம்பிய ஒவ்வொரு கிளினிக் கொப்பியும் ஒரு கடன் கொப்பியாகியது.

ஆகவே காப்புறுதி முகவர் வீட்டு வாசலுக்கு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். பெரும்பாலான தனியார் திட்டங்கள் வார்ட்டில் படுத்தால்தான் காசு தரும். அந்தப் பகுதியை உங்கள் வரி ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. மாதாந்த மருந்துக்கும் வெளியில் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கும் என்ன தருவீர்கள், ஏற்கெனவே உள்ள சலரோகத்தைச் சேர்ப்பீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்தைப் போடுங்கள்.