டிக்கெட் இலவசம், படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கு

இந்த எபிசோட் ஒரு படிக்கட்டைப் பத்தினது.

எங்க ஊர் திட்டக்குடி. கடலூர் மாவட்டத்தோட மேற்கு ஓரத்துல, வெள்ளாற்றங்கரையில இருக்கு. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனா, ஸ்கூல் பசங்க எல்லாரும் ஒரு நாள் சாயங்காலம் ஹோட்டல்ல சந்திப்போம். அதுல ஒருத்தன் மட்டும் நாலு வருஷமா வரலை. பைக் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, இப்போ சக்கர நாற்காலியில இருக்கான். எப்போ கூப்பிட்டாலும் “வேலை இருக்குடா”ன்னு சொல்லிடுவான். நாங்களும் ‘பாவம், அவனுக்கு மனசு சரியில்லை போல’ன்னு விட்டுட்டோம்.

இந்தத் தடவை அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னான்: “நீங்க எப்பவும் மாடியில இருக்கிற கடையைத்தானடா சொல்றீங்க. நாலு பேர் என்னைத் தூக்கிட்டுப் போவீங்க, கடையில இருக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பார்ப்பாங்க. அதுக்கு வேலை இருக்குன்னு சொல்றது சுலபம்.”

நாலு வருஷம் கடையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கீழ்த்தளத்துல ஒரு கடை பார்க்கணும்னு எனக்கு ஒரு தடவைகூடத் தோணலை.

பிரச்சினை கால்லயா, படியிலயா?

இதை யோசிக்க உதவுற ஒரு கருத்து இருக்கு. 1970-கள்ல பிரிட்டன்ல மாற்றுத்திறனாளிகளே ஒண்ணு சேர்ந்து ஒரு வித்தியாசத்தைச் சொன்னாங்க. உடம்புல இருக்கிற குறைபாடு வேற, சமூகம் உண்டாக்குற முடக்கம் வேற. கால் நடக்கலைங்கிறது உடம்பு சம்பந்தப்பட்டது. ஹோட்டலுக்குள்ள போக முடியலைங்கிறது அந்தக் கட்டடம் சம்பந்தப்பட்டது. 1983-ல மைக் ஆலிவர் என்கிற ஆய்வாளர் இதுக்கு ‘சமூக மாதிரி’ன்னு பேர் வெச்சார்.

நம்ம தொழில்லயும் இது உண்டு. ஆப் வேலை செய்யலைன்னு புகார் வந்தா, “யூசருக்குப் பயன்படுத்தத் தெரியலை”ன்னு டிக்கெட்டை மூடுற டெவலப்பரைப் பார்த்திருப்பீங்க. ஊரைக் கட்டினவங்க ரொம்ப காலமா அப்படித்தான் டிக்கெட்டை மூடிக்கிட்டு இருக்காங்க.

பஸ்

தமிழ்நாட்டுல 2021-ல இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள்ல மாற்றுத்திறனாளிகளுக்கும், கூட வர்ற ஒருத்தருக்கும் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனா பஸ்ஸுல ஏறினாத்தானே டிக்கெட்டைப் பத்தின பேச்சே வரும்?

வழக்கமான பஸ்ஸோட தளம் தரையில இருந்து கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர் உயரம், அதாவது மூணு அடி. தாழ்தளப் பேருந்துல அது 400 மில்லிமீட்டர்தான். ஒரு சாய்வுப் பலகையைப் போட்டா சக்கர நாற்காலி நேரா உள்ளே போயிடும். சென்னையில இந்த பஸ்ஸுக்காக மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பல வருஷம் போராடினாங்க. 2024 ஆகஸ்ட்ல புது தாழ்தளப் பேருந்துகள் சென்னையில ஓட ஆரம்பிச்சுது. இப்போ அதுல கைக்குழந்தையோட வர்றவங்களும் மூட்டு வலி இருக்கிற பாட்டிகளும் நிம்மதியா ஏறுறாங்க.

திட்டக்குடியில இருந்து கடலூர் கலெக்டர் ஆபீஸ் சுமார் 90 கிலோமீட்டர். நடுவுல விருத்தாசலம். என் நண்பன் ஒரு மனு கொடுக்கணும்னாகூட கார் பிடிக்கணும், இல்லைன்னா யாராவது தூக்கி ஏத்தணும். சென்னைக்கு வந்த பஸ் எங்க ஊர் வழித்தடத்துக்கும் வர்ற வரைக்கும் அவனுக்கு அந்தச் சலுகை பேப்பர்லதான்.

சாய்தளக் கணக்கு

எங்க ஊர்ல பல வீட்டு வாசல்ல சாய்தளம் இருக்கு. அது பைக் ஏத்துறதுக்கு. வண்டியை ஏத்தணும்னு வந்தா நமக்கு சிமென்ட் பூசத் தெரியுது பாருங்க!

ஆனா பைக் ஏறுற சரிவுல சக்கர நாற்காலி ஏறாது. அரசு வழிகாட்டு நெறிமுறைப்படி சரிவு 1-க்கு 12. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். மூணு படி, படிக்கு அரை அடின்னா, மொத்த உயரம் ஒன்றரை அடி. அப்போ சாய்தளம் 18 அடி நீளம் இருக்கணும். அதை ஆறு அடியில முடிச்சா, ஏறுறப்போ நாற்காலி பின்னால சாயும், இறங்குறப்போ பிடிக்க முடியாம ஓடும். ‘சாய்தளம் இருக்கு’ன்னு கணக்குக் காட்டலாம், பயன்படுத்த முடியாது. இடம் இல்லைன்னா பக்கவாட்டுல திருப்பிக் கட்டலாம், கைப்பிடி வைக்கலாம். புதுக் கட்டடம்னா ஆரம்பத்துலேயே தளத்தைத் தாழ்வா வெச்சுட்டா இந்தச் செலவே கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்குது. 1995-ம் வருஷச் சட்டத்துல 7 வகைதான் இருந்துச்சு. புதுச் சட்டப்படி, ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிச்சதுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள அணுகத்தக்கதா மாத்தியிருக்கணும். விதிகள் வந்தது 2017 ஜூன்ல. கெடு 2022-லயே முடிஞ்சாச்சு.

பார்வைத்திறன் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005-ல உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டார். 2024 நவம்பர் 8-ல அதுல முக்கியமான ஒரு தீர்ப்பு வந்துச்சு. விதிகள்ல இருந்த தரங்கள் வெறும் பரிந்துரை மாதிரி இருக்கு, இது சட்டத்துக்கே முரண்னு சொன்ன நீதிமன்றம், கட்டாயமான தரங்களை மூணு மாசத்துல உருவாக்கச் சொல்லுச்சு. இதுக்கு 19 வருஷம் ஆகியிருக்கு.

நம்ம வேலையிலயும் படிக்கட்டு இருக்கு

2025 ஏப்ரல் 30-ல வந்த இன்னொரு தீர்ப்பு நேரா நம்மளைப் பத்தினது. ஆசிட் வீச்சுல கண் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், வங்கிக் கணக்கு தொடங்கப் போனப்போ கேமரா முன்னாடி கண் சிமிட்டச் சொல்லியிருக்காங்க. அவரால முடியாது. டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொல்லி, 20 உத்தரவுகளைப் பிறப்பிச்சுது.

‘கண் சிமிட்டுங்க’ங்கிற அந்த வரியை எழுதினது நம்மளை மாதிரி ஒரு எஞ்சினியர்தான். யாரும் கெட்ட எண்ணத்தோட எழுதலை. என்னை மாதிரிதான், மாடியில கடை பார்த்தப்போ யோசிக்கலை.

நீங்க டெவலப்பர்னா இதெல்லாம் இன்னைக்கே செய்யலாம். படத்துக்கு விளக்க வரி எழுதுங்க. மவுஸைத் தொடாம கீபோர்டுலேயே உங்க பக்கம் முழுக்க வேலை செய்யுதான்னு பாருங்க. சிவப்பு, பச்சைன்னு நிறத்தை மட்டும் வெச்சு எதையும் சொல்லாதீங்க. போன்லயே இருக்கிற திரை வாசிப்பானை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு உங்க ஆப்பை அஞ்சு நிமிஷம் பயன்படுத்திப் பாருங்க.

யார் முடிவெடுக்கிறாங்க?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்காங்க. ஆனா தெருவுக்குச் சாலை போடுற கூட்டத்துல அவங்க பெரும்பாலும் இருந்ததில்லை. 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டமன்றம் இதுக்காக சட்டத்தைத் திருத்தியது. உள்ளாட்சி அமைப்புகள்ல மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களா நியமிக்க வழி வந்திருக்கு. திட்டக்குடி இப்போ நகராட்சி. பஸ் ஸ்டாண்டுல கழிவறைக் கதவு மூணு அடி அகலம் இருக்கணும்னு அங்கே எழுந்து சொல்ல, அந்தக் கதவுல ஒரு தடவையாவது மாட்டிக்கிட்டவங்க வேணும்.

நாம செய்யக்கூடியது சின்னதுதான். சந்திக்கிற இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே கேளுங்க. உதவி தேவையான்னு கேட்டுட்டு அப்புறம் கை கொடுங்க. கூட வந்தவர்கிட்ட “இவருக்கு என்ன வேணும்?”னு கேட்காம, நேரா அவர்கிட்டயே பேசுங்க. ‘பாவம்’ங்கிற வார்த்தையை விட்டுடுங்க.

இந்த எபிசோடை எழுத்தாவும் வெளியிடுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. காது கேட்காதவங்களுக்கு பாட்காஸ்டும் ஒரு படிக்கட்டுதான். அதை முன்னாடியே நான் யோசிச்சிருக்கணும். பழைய எபிசோடுகளையும் ஒண்ணொண்ணா எழுத்துக்கு மாத்திட்டு வர்றோம்.

பொங்கலுக்கு அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, வாசல்ல படியே இல்லாத ஒரு டீக்கடையில சந்திச்சோம். எனக்கு முன்னாடியே அவன் வந்து உட்கார்ந்திருந்தான். “லேட்டாடா?”ன்னு என்னைத்தான் கேட்டான்.