உங்களுக்குத் தெரியுமா? நம்பர் பிளேட் வேண்டாத ஸ்கூட்டர்

உடுமலைப்பேட்டை பழனி சாலையில் சத்தமே இல்லாமல் நம்மை உரசிப்போகும் மின்சார ஸ்கூட்டர்களில் சிலவற்றுக்கு நம்பர் பிளேட் இருக்காது. குற்றமா? இல்லை. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், முறையான சோதனைச் சான்று: இவை இருந்தால் மத்திய விதிகள் அதை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டினீர்களோ, சலுகை போச்சு!

மற்றவற்றுக்குப் பச்சை பிளேட் கட்டாயம். சொந்த வண்டியென்றால் வெள்ளை எழுத்து. டியூஷனுக்குத்தானே என்று லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் அந்தச் சாவியைத் தந்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

சின்ன வண்டிதானே என்று ஹெல்மெட்டை மட்டும் வீட்டில் வைத்துவிடாதீர்கள்.